ஒரு செபநூலின் வண்ணங்களும் அது கைமாறிய கதையும்

1411-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாள். பிரான்ஸ் மன்னர் ஆறாம் சார்லஸின் சித்தப்பா, பெர்ரி கோமகன் ழான். அவருக்கு, அவரிடம் வேலை பார்த்த மூன்று ஓவியச் சகோதரர்கள் ஒரு புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். வெள்ளை வெல்வெட் உறை, பொன்முலாம் பூசிய வெள்ளிக் கொக்கிகள், அவற்றில் கோமகனின் குலச்சின்னம். எல்லாம் முறையாக இருந்தது, திறக்கத்தான் முடியவில்லை. புத்தகம் போலவே வண்ணம் தீட்டிய மரக்கட்டை அது. கோமகன் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். அவருடைய கருவூலத்தைப் பார்த்துக்கொண்ட ரோபினே தெத்தாம்ப், நகைகளையும் பாத்திரங்களையும் பதியும் பட்டியலில் இந்தக் கட்டையையும் சேர்த்து எழுதிவைத்தார்.

அந்தப் பதிவு இருப்பதால்தான் இந்த விளையாட்டு நமக்குத் தெரிகிறது. இடைக்கால ஐரோப்பாவின் சித்திரச் சுவடிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று திரும்பத் திரும்பப் படுகிறது. ஓவியத்தைத் தனியாகவும், அது யாரிடம் இருந்தது என்பதைத் தனியாகவும் படிக்க முடியாது. சுவடி யார் கைக்குப் போனதோ அவர் தன் அடையாளத்தை அதில் வரையச் சொன்னார், அல்லது முன்னவர் பாதியில் விட்டதை முடிக்கச் சொன்னார். இதே சகோதரர்கள் இதே கோமகனுக்காக வரைந்த ஒரு செபநூலில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிரெஞ்சில் அதற்கு ‘த்ரே ரிஷ் எர்’ என்று பெயர். ‘மிகச் செழிப்பான நேரங்கள்’ என்று பொருள் சொல்லலாம். இப்போது பாரிஸுக்கு வடக்கே ஷாந்தியி கோட்டையில் இருக்கிறது.

சகோதரர்கள் பால், எர்மான், ழான். லிம்பூர்க் சகோதரர்கள் என்பது கலை வரலாற்றில் நிலைத்த பெயர். இன்றைய நெதர்லாந்தில் உள்ள நைமேகன் ஊர்க்காரர்கள். தாய்மாமன் ழான் மாலுவேல் பர்கண்டி கோமகனின் அரண்மனை ஓவியர். சிறு வயதில் எர்மானும் ழானும் பாரிஸில் ஒரு பொற்கொல்லரிடம் தொழில் பழகினார்கள். 1399-இல் கொள்ளைநோய் பரவியதால் ஊருக்குத் திரும்பியபோது வழியில் பிரஸ்ஸல்ஸில் பிடிபட்டார்கள். 55 தங்கக் காசு கட்டினால்தான் விடுதலை என்றார்கள். கட்டியவர் பர்கண்டி கோமகன் பிலிப். 1404-இல் அவர் இறந்த பிறகு அவருடைய அண்ணன் பெர்ரி கோமகனிடம் மூவரும் வந்து சேர்ந்தார்கள்.

இந்தச் செபநூல் என்ன வகை நூல் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவ மடங்களில் துறவிகள் ஒரு நாளை எட்டு வேளையாகப் பிரித்துச் செபிப்பார்கள். அதைச் சுருக்கமாக வீட்டிலேயே கடைப்பிடிக்க இல்லறத்தார் வைத்துக்கொண்டதுதான் நேரச் செபநூல். தொடக்கத்தில் புனிதர்களின் திருநாள்களைச் சொல்லும் நாட்காட்டி இருக்கும். பிறகு மாதாவுக்கான செபங்கள், ஏழு தவத் திருப்பாடல்கள், இறந்தோருக்கான வழிபாடு. பெரும் பணக்காரர்களுக்கு இது பக்திக்கும் ஆயிற்று, கௌரவத்துக்கும் ஆயிற்று. பெர்ரி கோமகனிடம் மட்டும் இத்தகைய செபநூல்கள் பதினைந்துக்குக் குறையாமல் இருந்தன.

‘த்ரே ரிஷ் எர்’ மொத்தம் 206 ஏடுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 29 செ.மீ. உயரம், 21 செ.மீ. அகலம். ஏடு என்றால் கன்றுத் தோல். தோலைச் சுண்ணாம்பு நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மயிர் களைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறை வடிவக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி மெல்லிசாக்குவார்கள். முதலில் உட்காருபவர் எழுத்தர். படம் வர வேண்டிய இடங்களை அவர் வெறுமையாக விட்டுவிட்டு எழுதிக்கொண்டே போவார். இந்த வெற்றிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

அப்புறம் தங்கம். வண்ணம் தொடும் முன்பே தங்கத்தை ஒட்டிவிட வேண்டும். பிறகு ஒட்டினால் வண்ணத்தின் மேலும் பிடித்துக்கொள்ளும், தேய்க்கும்போது வண்ணமும் கெடும். சுண்ணத் தூளும் பசையும் கொஞ்சம் சர்க்கரையும் கலந்த குழைவைத் தோலின் மேல் மேடாகத் தடவிக் காயவிடுவார்கள். காய்ந்த பிறகு ஓவியர் குனிந்து அதன் மேல் வாயால் ஆவி ஊதுவார். மூச்சின் ஈரத்தில் பசை லேசாகப் பிசுபிசுக்கும். அந்த நொடியில் தங்க ரேக்கை வைத்து அழுத்தி, நாய்ப் பல்லாலோ வழவழப்பான கல்லாலோ தேய்த்தால் கண்ணாடி மாதிரி மின்னும். இன்னொரு முறையும் உண்டு. தங்கத்தைப் பொடியாக்கிப் பிசினில் குழைத்து, சிப்பி ஓட்டில் வைத்துக்கொண்டு தூரிகையால் தொட்டு எழுதுவது. ஆடையின் கரை, குதிரையின் சேணம் போன்ற நுணுக்கங்களுக்கு இது. தங்கத்தின் குணத்தைச் சிறு வயதிலேயே பொற்கொல்லர் பட்டறையில் பழகிய கைகள் இந்த நூலில் வேலை செய்திருக்கின்றன என்பதை நான் ஒரு தற்செயலாக நினைக்கவில்லை.

நீலம் தங்கத்துக்குச் சமமான செலவு. ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் வெட்டிய லாபிஸ் லாசுலி என்ற கல் நிலத்திலும் கடலிலும் கைமாறி ஐரோப்பாவுக்கு வந்தது. வெறுமனே அரைத்தால் சாம்பல் பூத்த நிறம்தான் கிடைக்கும். அரைத்த தூளை மெழுகு, பிசின், எண்ணெய் சேர்த்து மாவு போலப் பிசைந்து, சாம்பல் கரைத்த கார நீருக்குள் கசக்கிப் பிழிய வேண்டும். அழுக்கு மாவோடு நின்றுவிட, நீலம் மட்டும் நீரில் இறங்கி அடியில் படியும். முதல் பிழிவு ஆழ்ந்த நீலம். அடுத்தடுத்த பிழிவுகள் வெளுத்துக்கொண்டே போகும். அந்த முதல் பிழிவு நீலத்தைத்தான் இந்த நூலின் நாட்காட்டியில் மாதத்துக்கு ஒன்றாக வரும் படங்களில் வானமாகவும் கோமகனின் அங்கியாகவும் பார்க்கிறோம்.

சரி, ஜனவரிப் பக்கத்துக்கு வருவோம். கோமகன் விருந்து மேசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் கணப்பு எரிகிறது. வெக்கை அடிக்காமல் இருக்க வைத்த வட்டமான பிரம்புத் தட்டி, சரியாக அவர் தலைக்குப் பின்னால், ஒளிவட்டம் போல விழுகிறது. அருகே நிற்கும் பணியாளரின் தலைக்கு மேல் தங்க எழுத்தில் ‘அருகே வாருங்கள், அருகே வாருங்கள்’ என்று அழைப்பு. உள்ளே வருகிறவர்கள் குளிரில் விறைத்த கைகளை நெருப்பை நோக்கி நீட்டுகிறார்கள். மேசை மேல் இரண்டு குட்டி நாய்கள் தட்டுகளுக்கு நடுவே உலாவுகின்றன. வலது ஓரத்தில் கப்பல் வடிவத்தில் ஒரு தங்க உப்புக் கலம்; அதன் ஒரு முனையில் கரடி, மறு முனையில் அன்னம். மேலே சிவப்புத் துணி விதானத்திலும் கரடி, அன்னம், நீல வட்டங்களில் தங்க லில்லிப் பூக்கள். லில்லி பிரெஞ்சு அரச குலத்துக்கு உரியது. கரடியும் அன்னமும் பெர்ரி கோமகனுக்கே உரிய சின்னங்கள். ‘இது என்னுடையது’ என்று இந்த ஒரு பக்கத்திலேயே எத்தனை முறை சொல்லியிருக்கிறார்!

அடுத்த பக்கம் பிப்ரவரி, பனி. தேன்கூடுகளின் மேல் வெள்ளைத் தொப்பி போலப் பனி குவிந்திருக்கிறது. பட்டிக்குள் ஆடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. வாசலில் சிந்திய தானியத்தைப் பறவைகள் கொத்துகின்றன. ஒருவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாயால் கைக்கு ஊதியபடி வீட்டை நோக்கி விரைகிறார். வீட்டுக்குள் நெருப்பருகே பெண் ஒருத்தி பாவாடையைச் சற்றுத் தூக்கிக் கால்களுக்குச் சூடேற்றிக்கொள்கிறாள். இந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தாலும் அலுக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்தத் தங்கமும் நீலமும் உழவர்களிடமும் நகர மக்களிடமும் பிடுங்கிய வரியிலிருந்து வந்தவை. கோமகனின் வரி வேட்டையால் தெற்கே லாங்கெதோக் பகுதி கொதித்தது. 1411-இல் பாரிஸ் கலகக்காரர்கள் அவருடைய பிசேத்ர் மாளிகையைச் சூறையாடி எரித்தார்கள். அதே ஆண்டுகளில்தான் இந்த அமைதியான உழவர் வீடு வரையப்பட்டது.

1416 எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. ஜூன் 15-ஆம் தேதி கோமகன் இறந்தார். அதே ஆண்டில் சகோதரர்கள் மூவரும் இறந்தார்கள். கொள்ளைநோயாக இருக்கலாம் என்பது பொதுவான கருத்து. யாருக்கும் முப்பது வயதுக்கு மேல் பெரிதாகப் போயிருக்காது. கோமகன் விட்டுப்போனது கடன். சொத்தைக் கணக்கெடுத்தவர்கள் ஒரு பெட்டிக்குள், தைக்காத ஏட்டுக் கட்டுகளாக ஒரு நூலைப் பார்த்தார்கள். பாலும் அவருடைய சகோதரர்களும் செய்துகொண்டிருந்த, மிகவும் செழிப்பாக வரைந்து அலங்கரித்த செபநூல் என்று குறித்து, 500 லிவ்ர் என்று மதிப்பும் போட்டார்கள். நூலின் இன்றைய பெயரே அந்தக் குறிப்பிலிருந்து வந்ததுதான். அட்டை இல்லை, பாதிப் படங்கள் இல்லை, அப்படியும் அந்த மதிப்பு.

நிலம் வாங்கும் முன் நம் ஊரில் வில்லங்கம் பார்ப்பார்கள், தாய்ப் பத்திரம் கேட்பார்கள். சுவடிகளுக்கும் ஆய்வாளர்கள் அதே வேலையைச் செய்கிறார்கள். இந்த நூலுக்குத் தாய்ப் பத்திரம் அந்த 1416-ஆம் ஆண்டுக் குறிப்பு. அதற்கு அப்புறம் ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குப் பேச ஆவணம் கிடையாது. பேசுவது வண்ணம்.

அக்டோபர் பக்கத்தைப் பாருங்கள். பின்னணியில் பாரிஸின் லூவ்ர் கோட்டை, முன்னால் விதைப்பு நடக்கிறது. விதைப்பவரின் முதுகுக்குப் பின்னால் காக்கைகள் விதையைப் பொறுக்குகின்றன. நட்ட வயலில் வில் பிடித்த சோளக்கொல்லை பொம்மை. ஆற்றங்கரையில் நடப்பவர்களுக்கு நிழல் விழுகிறது. ஜனவரியில் யாருக்கும் நிழல் இல்லை. கரையில் உலவும் அந்தச் சின்னஞ்சிறு மனிதர்களின் உடுப்பும் 1410-களுக்கு உரியது இல்லை, 1440-களை ஒட்டியது. லுச்சானோ பெல்லோசி என்ற இத்தாலிய ஆய்வாளர் 1975-இல் உடைகளை வைத்தே இந்த வாதத்தை முன்வைத்தார். லிம்பூர்க் சகோதரர்களுக்குப் பிறகு, கடைசியாக முடித்தவருக்கு முன்பு, நடுவில் ஒரு ஓவியர் இதில் கை வைத்திருக்கிறார். அவர் பார்தெலெமி தெய்க்காக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். ஒரு நிழலும் சில சட்டைகளும் சேர்ந்து, இடையில் ஒரு புரவலர் இருந்தார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

முடித்தவர் பற்றி ஐயம் இல்லை. 1485 வாக்கில் நூல் சவாய் கோமகன் முதலாம் சார்லஸிடம் இருந்தது. பூர்ஜ் நகரத்து ஓவியர் ழான் கொலோம்பை அமர்த்தி, எழுத்தர் அன்று விட்ட வெற்றிடங்களை அவர் நிரப்பச் சொன்னார். நவம்பர் முழுக்கக் கொலோம்பின் வேலை. பன்றி மேய்ப்பவன் கருவாலிக் கொட்டைகளை உதிர்க்கக் கோலை எறிய ஓங்குகிறான். செப்டம்பரில் இன்னும் சுவாரசியம். மேலே நிற்கும் சோமூர் கோட்டை முன்னவர்களின் கை, கீழே திராட்சை பறிப்பவர்கள் கொலோம்பின் கை. ஒரே பக்கத்தில் வெவ்வேறு தலைமுறைகள். கொலோம்பின் வண்ணத்தில் அந்தப் பழைய தெளிவு இல்லை, முகங்கள் கனமாக இருக்கின்றன. என் கண்ணுக்கு அவர் லிம்பூர்க் சகோதரர்களுக்கு ஈடில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் நமக்கு முழு நூல் கிடைத்திருக்காது. துன்புறும் இயேசுவின் படத்தில் இருபுறமும் மண்டியிட்டிருப்பவர்கள் சவாய் சார்லஸும் மனைவி பிளாஞ்சும். குலச்சின்னத்தோடு. புதிய உரிமையாளர் பெயரை இதைவிடத் தெளிவாக எழுத முடியாது.

அடுத்த கைமாற்றத்தைக் காட்டிக்கொடுப்பது ஒரு நகல். சவாய் கோமகன் ஃபிலிபேரின் மனைவி ஆஸ்திரியாவின் மார்கரெட். 1504-இல் கணவரை இழந்து, பிறகு நெதர்லாந்து பகுதிகளை ஆளப் போனபோது இந்த நூலும் அவரோடு போனதாகக் கருதப்படுகிறது. இதற்கு நல்ல சான்று வெனிஸில் இருக்கிறது. 1520-இல் கார்டினல் தொமேனிக்கோ கிரிமானி 500 டியூகட் தங்கக் காசு கொடுத்து வாங்கிய, நெதர்லாந்து பகுதிகளின் ஃபிளெமிஷ் ஓவியர்கள் வரைந்த செபநூல் ஒன்றின் மாதப் படங்கள், ‘த்ரே ரிஷ் எர்’ படங்களைப் பார்த்து வரைந்தவை. அதே விருந்து, அதே பனி. மூல நூல் அந்தப் பக்கம் போகாமல் அங்கே இருந்த ஓவியர்கள் எதைப் பார்த்து வரைந்திருப்பார்கள்?

அதன்பின் மூன்று நூற்றாண்டுக்கு மேல் சுவடி கண்ணில் படவில்லை. எங்கே இருந்தது என்று ஓரளவு சொல்வது அட்டைதான். பதினெட்டாம் நூற்றாண்டுச் சிவப்புத் தோல் அட்டையில் ஜெனோவா நகரத்து ஸ்பினோலா, செர்ரா குடும்பங்களின் சின்னங்கள் இருக்கின்றன.

1855 டிசம்பர். ஜெனோவா அருகே பெக்லியில், பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளியாக அப்போது இருந்த மாளிகை. அங்கே இந்த நூலைப் பார்க்க வந்தவர் ஓமால் கோமகன் ஆன்றி. பிரான்ஸின் கடைசி மன்னர் லூயி ஃபிலிப்பின் மகன். 1848 புரட்சியில் தந்தை முடியிழந்த பிறகு இங்கிலாந்தில் நாடுகடத்தல் வாழ்க்கை. நோயுற்ற தாயைப் பார்க்க இத்தாலி வந்திருந்தார். இப்படி ஒரு நூல் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் நூலகத்தைக் கவனித்த பனிட்ஸி. சில ஏடுகளைப் புரட்டியதுமே இது பெர்ரி கோமகனோடு தொடர்புடையது என்று ஓமாலுக்குப் புரிந்துவிட்டது. லில்லியும் கரடியும் அன்னமும் தம் வேலையைச் செய்தன. அடுத்த மாதமே 18,000 ஃபிராங்குக்கு வாங்கிவிட்டார். வாங்கிய பிறகும் வில்லங்கம் பார்க்கும் வேலை பாக்கி இருந்தது. அதை முடித்தவர் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் லெயோபோல் தெலில். 1416-ஆம் ஆண்டின் அந்தப் பெட்டிக் குறிப்பும் இந்தச் சுவடியும் ஒன்றே என்று 1884-இல் எழுதினார். நானூற்று அறுபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு பத்திரமும் சொத்தும் சேர்ந்தன.

எல்லா நூல்களுக்கும் இந்த நல்ல காலம் வாய்க்கவில்லை. ஷாந்தியி கோட்டைக்குள்ளேயே அதற்குச் சாட்சி உண்டு. ஏழாம் சார்லஸின் கருவூல அதிகாரி எதியென் ஷெவாலியேவுக்காக ழான் ஃபூக்கே வரைந்த செபநூலை பதினெட்டாம் நூற்றாண்டில் யாரோ துண்டு போட்டுவிட்டார்கள். படங்களை மட்டும் வெட்டி, தனித்தனிச் சித்திரங்களாக விற்க. அவற்றில் 40 ஏடுகளை ஓமால் 1891-இல் வாங்கினார். மீதி பாரிஸிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் சிதறிக் கிடக்கின்றன. எழுத்து ஏடுகள் பெரும்பாலும் போய்விட்டன. சுவடியை வெட்டுவது அப்போது குற்றமாகப் படவில்லை. கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் ஒரு பூசைநூலைத் தானே வெட்டியதை நாட்குறிப்பில் சாதாரணமாக எழுதிவைத்திருக்கிறார். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஆட்டோ ஈகி என்ற கலை ஆசிரியர் ஐம்பது சுவடிகளிலிருந்து ஆளுக்கொரு ஏடு எடுத்துப் பெட்டிபெட்டியாக விற்றார். எளியவர்களும் ஒரு ஏட்டையாவது தொட்டுப் பார்க்கட்டும் என்பது அவர் சொன்ன நியாயம். எனக்கு அதை ஏற்க மனம் வரவில்லை. ஏட்டைப் பிரித்தால் படம் தப்பிக்கலாம். யார் வைத்திருந்தார், எந்த ஊர்ப் புனிதரை அவர் நாட்காட்டியில் சேர்த்தார், யாருடைய சின்னத்தை யார் மறைத்தார் என்பதெல்லாம் போய்விடும்.

சில நேரம் சேர்க்கவும் முடிகிறது. 1440 வாக்கில் கிளேவ்ஸின் கத்ரீன் என்ற கோமகளுக்காக நெதர்லாந்தின் உட்ரெக்ட் பகுதியில் வரைந்த செபநூல் ஓரச் சித்திரங்களுக்குப் பேர்போனது. புனித அம்புரோசியாரைச் சுற்றி மட்டி ஓடுகளும் ஒரு நண்டுமாக அடுக்கியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் வியாபாரி ஒருவர் அதைப் பிரித்து, ஏடுகளைக் கலைத்து, இரண்டு நூலாகத் தைத்து விற்றுவிட்டார். நியூயார்க்கின் மார்கன் நூலகம் ஒன்றை 1963-இலும் மற்றதை 1970-இலும் வாங்கிய பிறகுதான் ஒரே கூரையின் கீழ் இரண்டும் சேர்ந்தன.

‘த்ரே ரிஷ் எர்’ விஷயத்தில் ஓமால் கண்டிப்பாக இருந்தார். 1871-இல் பிரான்ஸ் திரும்பிய அவர் ஷாந்தியியையும் அதிலுள்ள சேகரிப்பையும் பிரான்ஸ் கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். எதையும் இரவல் தரக்கூடாது, வைத்த ஒழுங்கை மாற்றக்கூடாது என்று நிபந்தனை. 1897-இல் இறந்தார், அடுத்த ஆண்டு அருங்காட்சியகம் திறந்தது. அந்த நிபந்தனையால் நூல் ஊர் சுற்றவில்லை. அதன் படங்கள்தான் சுற்றின. 1948 ஜனவரியில் அமெரிக்காவின் லைஃப் இதழ் மாதப் படங்களை வண்ணத்தில் அச்சிட்டபோது, ஷாந்தியி எங்கே இருக்கிறது என்றே தெரியாத லட்சக்கணக்கானோர் அந்தப் பிப்ரவரிப் பனியைப் பார்த்தார்கள்.

அண்மையில் நாட்காட்டி ஏடுகளைச் செப்பனிட வேண்டி வந்தது. அதற்காகத் தையலைப் பிரித்தார்கள். பிரித்த நிலையிலேயே 2025 ஜூன் 7 முதல் அக்டோபர் 5 வரை ஷாந்தியியில் கண்காட்சி வைத்தார்கள். 1416-இல் பெட்டிக்குள் கிடந்த மாதிரி கட்டவிழ்ந்த ஏடுகள், இப்போது கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக. ஜனவரியில் கோமகன் நாய்களோடு விருந்தில் உட்கார்ந்திருக்கிறார், அக்டோபரில் ஆற்றங்கரை மனிதர்களுக்கு நிழல் விழுகிறது, நவம்பரில் கொலோம்பின் பன்றி மேய்ப்பவன் கோலை ஓங்கிக்கொண்டு நிற்கிறான். மூன்று உரிமையாளர்களின் எழுபது ஆண்டுகளைப் பார்வையாளர்கள் ஒரே அறையில் சில அடி நடந்து கடந்தார்கள்.